நாலாவது மாடி நாற்காலி

"வேற காட்டும்மா" என்றாள் ஜீயபுரத்திலிருந்து வந்த அம்மாள். குஷன் தைத்த முக்காலியில் ஒரு காலை மடக்கிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து முக்காலியில் அவள் மகள். அதற்கடுத்த முக்காலியில் அவர்களுடைய பைகள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த இருதயமேரி இருபத்தேழாவது சேலையை உதறிப் பிரித்தாள். சுங்குடி, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை.

"மற்றவை மாறாதிருக்கும்போது, விலை குறைந்தால் தேவை கூடும்" என்று அவள் வாய் அது பாட்டுக்கு முணுமுணுத்தது.

"என்னம்மா சொல்ற?"

"சாயம் போகாதுன்னு சொன்னேங்க."

கடைசியில் அம்மாளும் மகளும் முதன்முதலில் பார்த்த சேலையையே எடுத்துக்கொண்டு போனார்கள். அது தினமும் நடப்பதுதான். மிச்சம் இருபத்தாறு சேலைகளையும் மறுபடி மடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது எரிச்சலான வேலை. மேரிக்கோ பொருளியல் படிக்கிற நேரமே அதுதான். முதல் மடிப்புக்கு விதி. இரண்டாவது மடிப்புக்கு அனுமானங்கள். மூன்றாவதுக்கு அட்டவணை, நாலாவதுக்கு வரைபடம். கடைசியாகத் தட்டி அட்டையைச் செருகும்போது விதிவிலக்குகள். சுங்குடி அடுக்கு முழுக்கத் தேவை விதி. செட்டிநாட்டுக் காட்டனில் நெகிழ்ச்சி. கோவைக் காட்டனில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு. எட்டி எடுக்க வேண்டிய மேல் தட்டில் உழைப்பின் சிறப்பியல்புகள். கை சேலையைத் தொட்டால் போதும், பாடம் தானாக வந்து விழும்.

"மேரிக்கா, ஃபேன்ஸி சேலைக்கும் ஏதாச்சும் பாடம் இருந்தா சொல்லுங்க, நானும் பாஸ் பண்ணிர்றேன்" என்று பக்கத்துக் கவுண்டரிலிருந்து சபீனா கிண்டல் செய்வாள்.

என்.எஸ்.பி. ரோட்டில் இருக்கிற அந்த ஜவுளிக்கடைக்கு நாலு மாடி. இரண்டாவது மாடிக் காட்டன் பிரிவில் மேரிக்கு இது பதினோராவது வருஷம். காலை ஒன்பதரைக்கு வந்து நின்றால், சாப்பாட்டுக்கு அரைமணி போக, கடை சாத்தும்வரை நிற்க வேண்டியதுதான். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாடிக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். நல்ல பச்சை ஸ்டூல். சேலை கட்டிய பொம்மைகளுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக, சுற்றி வந்த பாலிதீனைக்கூடக் கழற்றாமல் அடுக்கியிருந்தது. லேபர் ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் கீழே இறங்கும்.

"பாருங்கக்கா, இந்தக் கடையில ஸ்டூலுக்குக்கூட நிக்கிற வேலைதான்" என்றாள் சபீனா ஒருநாள். இருவரும் சிரித்த சிரிப்பில் ஃப்ளோர் சூப்பர்வைசர் ரங்கநாதன் திரும்பிப் பார்த்தார்.

மேரியின் இடது கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டு கிடந்தன. சாயங்காலமானால் கால் கல்லாகக் கனக்கும். பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா. இல்லேன்னா புண்ணு வந்துரும், அப்புறம் ஆறவே ஆறாது" என்றார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்து நின்றாள். வேறென்ன செய்வாள்? புருஷன் ஆரோக்கியராஜ் துவாக்குடிப் பட்டறையில் வெல்டர். அங்கே வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிய விஷயம்.

அப்போதுதான் நாலாவது மாடியை நினைத்துக் கனவு காண ஆரம்பித்தாள். அங்கேதான் கணக்குப் பிரிவு. தினம் ஒருமுறை பில் கட்டை எடுத்துக்கொண்டு மேரி ஏறிப் போவாள். ஐந்து மேஜை, ஐந்து சுழல் நாற்காலி. ஜன்னலோர நாற்காலி ஆனந்தவள்ளி மேடத்துடையது. நீல நிறம், கைப்பிடி வைத்தது, முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. மேடம் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். பில்லை எண்ணி வாங்கும் அந்த இரண்டு நிமிஷமும் மேரி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் அதன் மேல் விழும். மேடம் எழுந்து போனால் அது மெல்ல அரை வட்டம் திரும்பி நிற்கும். மேரிக்கு அது தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். நகைக்கடை ஜன்னலில் நெக்லஸைப் பார்க்கிற பெண்களுண்டு, இவளுக்கு நாற்காலி.

"பிளஸ் டூவ வச்சுக்கிட்டு நான் எப்படி மேனேஜர்கிட்ட பேசுறது?" என்றார் ரங்கநாதன். கெட்ட மனுஷர் இல்லை. "ஏதாவது டிப்ளமோ முடிச்சிட்டு வா. எனக்கும் வாய் தெறந்து கேக்க ஒரு சாக்கு வேணும்ல."

அப்படித்தான் முப்பத்துநாலு வயதில் ஸ்ரீரங்கம் சமுதாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று காலை ஏழிலிருந்து எட்டே முக்கால் வரை வகுப்பு. மூன்று பேப்பர். டாலி சாஃப்ட்வேரையும் கணக்குப் பதிவியலையும் கம்ப்யூட்டர் அறையில் செய்து காட்ட வேண்டும். பத்துப் பேருக்கு ஆறு நாற்காலிதான் இருந்தது. மேரி நின்றபடியே செய்து காட்டி நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள். மிச்சம் பொருளியல். அதற்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது.

வினையே அதில்தான். மேரி உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். தூக்கம் என்றால் உங்கள் என் தூக்கம் இல்லை. பிட்டம் பலகையில் படும், கண் சொருகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எழுந்து நிற்கும்போதெல்லாம் கிண்ணென்று விழித்திருப்பாள். பிரசங்கத்துக்கு உட்கார்ந்தால் போச்சு. ஒருமுறை வகுப்பு முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததே என்று உட்கார்ந்துவிட்டாள். மெயின்கார்டு கேட்டில் இறங்க வேண்டியவளைச் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. அதிலிருந்து பஸ்ஸில் எத்தனை சீட் காலியாக இருந்தாலும் அவள் உட்காருவதில்லை.

பொருளியல் எடுத்த மைதிலிக்கு மேரியைவிட எட்டு வயது குறைவு. கீழச் சித்திரை வீதிப் பெண். மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிற வாத்தியாரம்மா; வகுப்பு இல்லாத நாளுக்குக் காசு கிடையாது. ஆனாலும் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துவிடும். கரும்பலகையில் தேவைக் கோட்டை இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்து, "இதோ பாருங்கோ, வெலை எறங்க எறங்க நாம அப்படியே கீழ எறங்கி வரோம்" என்பாள்.

மேரிக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். கோடு படியாகிவிடும். அம்மா மண்டபத்துப் படித்துறை. மேரி கையில் மஞ்சள் சுங்குடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள். ஒரு படிக்கு ஒரு விலை எழுதியிருக்கும். கீழே போகப் போக விலை குறையும். கடைசிப் படியில் காவிரி வந்து பாதத்தைத் தொடும். தண்ணீர் ஜில்லென்று கணுக்காலுக்கு ஏறி, கெண்டைக்காலுக்கு ஏறும். கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அப்படியே நின்றுகொண்டிருப்பாள். என்ன சுகம்!

"மேரிக்கா. அக்கா. மணியடிச்சாச்சு."

மைதிலி ஒருநாளும் திட்டியதில்லை. ஏப்ரலில் முதல் பரீட்சை நடந்தபோதும் திட்டவில்லை. அன்றைக்கு மேரி வினாத்தாளை வாங்கினாள், படித்தாள், எல்லாக் கேள்வியும் தெரிந்தது. மளமளவென்று எழுதினாள். பேப்பர் கேட்டு வாங்கி வாங்கி எழுதினாள். மணி அடித்தபோது நிமிர்ந்தால், முன்னால் ஒரே ஒரு தாள். அதில் அவள் பதிவெண்ணும், "1)" என்ற எண்ணும், அங்கிருந்து பேனா சறுக்கிக்கொண்டு போன ஒரு கோடும் இருந்தன. மற்றதெல்லாம் கனவில் எழுதியது.

"முப்பத்திரண்டு பக்கம் எழுதினேன் மேம்" என்று வாசலில் நின்று அழுதாள். மைதிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்டோபர்ல இன்னொரு சான்ஸ் இருக்குக்கா. ஆனா அதான் லாஸ்ட். ரெண்டு வருஷத்துக்குள்ள முடிக்கலேன்னா பதிவே போயிடும்" என்றாள் கடைசியில்.

அந்த அக்டோபர் பரீட்சை தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வந்து விழுந்தது. என்.எஸ்.பி. ரோட்டில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. மேரி ரங்கநாதன் முன்னால் போய் நின்றாள்.

"பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் சார். ஒன்றரைக்கு வந்துருவேன்."

"சீசன் நேரத்துல கேக்குற கேள்வியா இது?" என்று எரிந்து விழுந்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். செருப்புக்கு மேலே துணிப் பட்டை சுற்றியிருந்தது. "ஒன்றரைன்னா ஒன்றரை. கவுண்டர்ல ஆள் நிக்கலேன்னா கேமராவுல மேனேஜர் பாப்பாரு. அப்புறம் நாலாவது மாடிப் பேச்சையே எடுக்காத, ஆமா."

பரீட்சை அன்று காலையில் ஆரோக்கியராஜ் கெட்டியாக ஒரு கடுங்காப்பி போட்டுக் கொடுத்தான். "கண்ணு சொருகுனா தொடையக் கிள்ளிக்க" என்றான். மேரி ஹாலுக்குள் போவதற்கு முன் மூன்று தடவை முகம் கழுவினாள். கைக்குட்டையில் தைலம் தடவி வைத்துக்கொண்டாள். முப்பது பேர் எழுதுகிற ஹால். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் அற்புதசாமி, ஓய்வுபெற்ற வாத்தியார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. வரிசைக்கு நடுவே மெல்ல நடந்து தாளைக் கொடுத்தார்.

மேரி உட்கார்ந்தாள். முதல் கேள்வி, தேவை விதியைத் தக்க வரைபடத்துடன் விளக்குக. ஆகா, சுங்குடி! நாலாவது கேள்வி, உழைப்பின் சிறப்பியல்புகளை விவரி. மேல் தட்டு! மனசு துள்ளியது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. கோடு கீழே இறங்கிற்று. இன்னும் கொஞ்சம் இறங்கிற்று. ஒவ்வொரு படியிலும் விலை எழுதியிருந்தது. அவள் மஞ்சள் சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதில் தானாக வந்தது, முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு, மூன்றாவது மடிப்பு. கடைசிப் படியில் தண்ணீர் ஜில்லென்று காலைத் தொட்டது. காலில் வலியே இல்லை.

வலியே இல்லை.

மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷத்தில் விழித்திருக்கும் ஒரு நிமிஷமாவது அவள் கால் வலிக்காமல் இருந்ததுண்டா? அடிப்பாவி, தூங்கிவிட்டாய்! தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவளாகத் திணறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். தாளில் ஒரு கோடு, அதன் கீழே ஓர் எழுத்துகூட இல்லை. மடாரென்று எழுந்து நின்றாள். பெஞ்சு பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. ஹாலில் இருந்த தலையெல்லாம் திரும்பிற்று.

"என்னம்மா, பேப்பர் வேணுமா?" என்றார் அற்புதசாமி.

"இல்ல சார். நான் நின்னுக்கிட்டு எழுதட்டுமா?"

"நின்னுக்கிட்டா? எதுக்கு? உக்காரும்மா."

"உக்காந்தா தூங்கிருவேன் சார். நின்னாத்தான் எனக்கு வரும்."

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அற்புதசாமி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ நின்னா அடுத்தவங்க பேப்பர் தெரியும்மா. நாளைக்கு யாராவது புகார் எழுதிப்போட்டா நான்தான் பதில் சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸை நான் பாத்ததில்ல."

"கும்பிடுறேன் சார். எங்கேயாச்சும் சுவரைப் பாத்து நிக்க வையுங்க. இது எனக்குக் கடைசி தடவை." இரண்டு கையையும் கூப்பினாள். "ஜவுளிக்கடையில நிக்கிறேன் சார். படிச்சதெல்லாம் நின்னுக்கிட்டேதான் படிச்சேன்."

ஹாலின் கடைசியில் ஒரு பெரிய பழைய ஜன்னல் இருந்தது. அதன் அடிமேடை மேரியின் இடுப்புக்குச் சற்று மேலே, அகலமாக, வழவழவென்று சுண்ணாம்பு பூசியது. அவரே அவளுடைய தாளையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்தார். கவுண்டர் உயரம் கச்சிதமாக இருந்தது.

மேரி சுவரைப் பார்த்து நின்றாள். இடது கை தானாக ஒரு சேலையை உதறிப் பிரித்தது. வலது கை எழுத ஆரம்பித்தது. முதல் மடிப்பு விதி, இரண்டாவது அனுமானங்கள். கடைசி மடிப்பைத் தட்டி அட்டையைச் செருகி ஓரமாக வைத்தாள். அடுத்து செட்டிநாடு. ஜன்னலுக்கு வெளியே கல்லூரி வேப்பமரத்தில் காக்கை கரைந்தது, கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். மேரி பெருவிரலில் எம்பி மேல் தட்டிலிருந்து அடுத்த சேலையை எடுத்தாள். உழைப்பை உழைப்பாளியிடமிருந்து பிரிக்க முடியாது. உழைப்பைச் சேமித்து வைக்க முடியாது. உழைப்பாளி தன் உழைப்பை விற்கலாம், தன்னை விற்க முடியாது. மூன்று மடிப்பு. பக்கத்துக்குப் பக்கம் தாள் கேட்டாள். அற்புதசாமி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கடைசி அரைமணியில் அவருக்கும் கால் ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது; காலியாகக் கிடந்த அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மணி அடித்தது. தாளை நூல் கட்டிக் கொடுத்தாள். படியிறங்கி வாசலுக்கு வந்தபோது மைதிலி காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு வகுப்பில்லை, வந்ததற்குச் சம்பளமும் இல்லை.

"எழுதினேளாக்கா? நிஜம்மா எழுதினேளா?"

"எழுதின மாதிரிதான் இருக்கு மேம்" என்றாள் மேரி. அதற்கு மேல் நிற்க நேரமில்லை. ஒன்று ஐந்து. ஓடினாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில் அவள் ஒருத்திதான். திருவானைக்காவலிலும் யாரும் ஏறவில்லை. பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "பஸ்ஸே காலியா கெடக்கு, எதுலயாச்சும் உக்காருங்கம்மா" என்றார்.

"இருக்கட்டுங்க."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் புதுப் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் கரைக்குக் கரை நிறைந்து, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மேரிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் தட்டிற்று. ஜன்னல் மேடை, காக்கை, சைக்கிள், தாள் கேட்டு வாங்கியது, எல்லாம் எவ்வளவு அழகாக நடந்துவிட்டன! போன தடவையும் இப்படித்தானே நடந்தது? போன தடவையும் தாள் கேட்டுக் கேட்டுத்தானே எழுதினாள்? இப்போது எங்கேயாவது மணி அடித்து, நிமிர்ந்தால், முன்னால் அந்த ஒற்றைத் தாள்தான் இருக்குமோ?

பாலத்து இணைப்பில் பஸ் தூக்கிப் போட்டது. கெண்டைக்காலிலிருந்து இடுப்புவரை சுரீரென்று ஒரு வலி ஏறிற்று. மேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த இணைப்பு வந்தது. மறுபடியும் அதே வலி, விண்விண்ணென்று.

"வலிக்குதுங்க" என்றாள் கண்டக்டரைப் பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"வலிச்சா உக்காருங்களேம்மா! யாரு வேணாங்கிறது?"

நாற்பது சீட்டும் காலியாகக் கிடந்தது. ஜன்னல் வழியாக வெயில் ஒவ்வொரு சீட்டிலும் சதுரமாக விழுந்திருந்தது. மேரி இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பற்றிக்கொண்டாள். வலி குறைந்துவிடக் கூடாதென்று, இடது காலை இன்னும் அழுத்தமாக ஊன்றி நின்றாள்.